வணிகத் தளத்துக்குப் பிற தளங்களிலிருந்து இணைப்புகள் பெறும் வழி

பிற தளம் ஒன்று உங்கள் தளத்துக்கு இணைப்புத் தருவதைத் தேடுபொறிகள் ஒரு பரிந்துரையாக எடுத்துக்கொள்கின்றன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் 1998-இல் விளக்கிய, கூகுள் தேடுபொறிக்கு அடித்தளமான பேஜ்ரேங்க் முறை, ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன என்பதோடு, அப்படிச் சுட்டும் பக்கங்களின் மதிப்பையும் சேர்த்தே கணக்கிட்டது. இன்று வேறு பல அளவுகோல்களும் சேர்ந்துவிட்டன. ஆனாலும் உங்கள் தொழிலோடு தொடர்புள்ள ஒரு நல்ல தளத்தின் இணைப்பு, யாரும் படிக்காத நூறு தளங்களின் இணைப்பைவிட மேலானது.

புதியவற்றைத் தேடிப் போகும் முன், ஏற்கெனவே வந்து வீணாகிக் கிடப்பவற்றை மீட்டெடுங்கள். தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் கட்டணமில்லாமல் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் இணைப்புகள் பகுதியைத் திறந்தால், வெளித் தளங்கள் உங்களுடைய எந்தெந்தப் பக்கங்களைச் சுட்டுகின்றன என்பது தெரியும். ஒவ்வொன்றையும் சொடுக்கிப் பாருங்கள். தளத்தைப் புதுப்பித்தபோது முகவரி மாறி, இப்போது 'பக்கம் இல்லை' என்னும் 404 பிழை காட்டும் பக்கம் இருந்தால், பழைய முகவரியிலிருந்து அதற்கு நிகரான புதிய பக்கத்துக்கு, வருபவரை நிரந்தரமாகத் திருப்பிவிடும் 301 திசைமாற்றம் அமைத்துவிடுங்கள். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்கே திருப்பிவிடும் சோம்பல் மட்டும் வேண்டாம்.

அடுத்து, நிறுவனத்தின் பெயரை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுங்கள். பெயரைக் குறிப்பிட்டும் இணைப்புத் தராமல் விட்டவர்களிடம் கேட்பது எளிது. சரக்கு அனுப்பும் உற்பத்தியாளரின் விற்பனையாளர் பட்டியலிலும், வணிகர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலிலும் உங்கள் முகவரி சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மேல் இணைப்புகள் வேண்டுமென்றால், சுட்டத் தகுந்த பக்கம் ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். தண்ணீர் மோட்டார் விற்பவர் 'எங்களிடம் தரமான மோட்டார்கள் கிடைக்கும்' என்று எழுதி வைத்த பக்கத்தை வேறு எவரும் எதற்காகச் சுட்டப் போகிறார்? அதே வணிகர், தொட்டியின் உயரம், குழாயின் விட்டம், மணிக்கு ஏற்ற வேண்டிய நீரின் அளவு ஆகியவற்றுக்கேற்ப எத்தனை குதிரைத்திறன் தேவைப்படும் என்று காட்டும் அட்டவணையை, கணக்கிட்ட முறையோடு வெளியிட்டால், வீடு கட்டுவதைப் பற்றி எழுதுபவருக்கும் குழாய் வேலை கற்றுத்தருபவருக்கும் அது கைகொடுக்கும். வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளைக் குறித்து வைத்தாலே, எந்தப் பக்கத்தை எழுத வேண்டும் என்பது புலப்பட்டுவிடும்.

பக்கம் தயாரானபின், அதே பொருளைப் பற்றி எழுதியவர்களுக்குத் தனித்தனியே மின்னஞ்சல் அனுப்புங்கள். 'வணக்கம். மோட்டார் தேர்வு பற்றிய உங்கள் கட்டுரையின் மூன்றாம் பத்தியில் உள்ள இணைப்பு இப்போது திறக்கவில்லை. அதே கணக்கை நாங்கள் அட்டவணையாக வெளியிட்டிருக்கிறோம். பொருத்தமாகத் தோன்றினால் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்ற அளவு போதும். அவருடைய பக்கத்தை நீங்கள் உண்மையில் படித்திருப்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது. பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம்; அதற்குமேல் எழுதுவது தொல்லை.

காசு கொடுத்து இணைப்பு வாங்குவதும், ஒருவருக்கொருவர் அளவுக்கு மீறி மாற்றிக்கொள்வதும் கூகுளின் விதிகளுக்கு முரணானவை. 2012 ஏப்ரலில் கூகுள் தன் தேடல் முறையில் கொண்டுவந்த 'பெங்குவின்' மாற்றம் குறிவைத்தது இத்தகைய செயற்கை இணைப்புகளைத்தான். விளம்பரமாகவே பணம் கொடுத்து இடம் பெற்றால், அந்த இணைப்பில் 2019-இல் அறிமுகமான 'ஸ்பான்சர்டு' குறியையோ, அதற்கு முன்பே இருந்த 'நோஃபாலோ' குறியையோ (இதைப் பரிந்துரையாகக் கொள்ள வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்பவை இவை) இடச் சொல்லுங்கள்; தரவரிசைக்கு அது உதவாது என்றாலும் வாடிக்கையாளர் அதன் வழியாக வரக்கூடும். இணைப்புச் சொற்களை, அதாவது வாசகர் சொடுக்கும் சொற்களை, நீங்களே வகுத்துக் கொடுப்பதையும் தவிர்க்கலாம். எல்லாத் தளங்களிலும் 'மலிவு விலை மோட்டார்' என்ற ஒரே தொடர் இருந்தால், அது ஏற்பாடு செய்யப்பட்டது என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும்.