உங்கள் ஊர்க் கிளைக் கழக வரலாற்றை எழுதுவது எப்படி

அப்பாவின் படத்திறப்பு அன்று பேச வந்த ஒன்றியச் செயலாளர், "இந்த ஊர்க் கிளையைத் தொடங்கிய ஏழு பேரில் ஐயாவும் ஒருவர்" என்றார். கூட்டம் முடிந்து பாய் சுருட்டும்போது, மற்ற ஆறு பேர் யார் என்று அவரிடம் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. முன்வரிசைப் பெரியவர்கள் மூன்று பெயர் சொன்னார்கள். மூன்றாவது பெயரில் அவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. நாற்பது வருஷம் கிளைப் பொருளாளராக இருந்தவரின் மகளுக்கும் தெரியாது என்பது அன்று ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை.

குடவாசல் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். அடுத்த இரண்டு வருஷம் தேடி, எங்கள் ஊர்த் தி.மு.க. கிளையின் கதையை 48 பக்கத்தில் அச்சடித்தோம். அந்த வேலையில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். தலைவர்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் உண்டு. உங்கள் ஊர்க் கொடிக்கம்பத்துக்குக் குழி தோண்டியவரைப் பற்றி எழுத உங்களை விட்டால் ஆள் கிடையாது.

முதலில் அமைப்பின் படிக்கட்டு மனதில் இருக்க வேண்டும். கிராமத்தில் கிளைக் கழகம், அதற்கு மேல் ஒன்றியக் கழகம், அதற்கு மேல் மாவட்டக் கழகம், உச்சியில் தலைமைக் கழகம். பேரூராட்சி என்றால் பேரூர்க் கழகம், நகராட்சி என்றால் நகரக் கழகம், மாநகராட்சி என்றால் வட்டம், பகுதி, மாநகரம் என்று போகும். பக்கவாட்டில் இளைஞர் அணி, மகளிர் அணி, மாணவர் அணி, தொண்டர் அணி, தொழிலாளர் முன்னேற்றச் சங்கம் எல்லாம். கிளையில் அவைத்தலைவர், செயலாளர், துணைச் செயலாளர்கள், பொருளாளர், மேல் அமைப்புக்குப் போகும் பிரதிநிதிகள் இருப்பார்கள். உட்கட்சித் தேர்தல் கிளையில் தொடங்கி மேலே ஏறி, பொதுக்குழு கூடித் தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் முடியும். 2022-இல் நடந்தது 15-ஆவது அமைப்புத் தேர்தல்.

இதைத் தெரிந்துகொள்வது எதற்கு என்றால், எந்தக் காகிதம் யார் வீட்டில் இருக்கும் என்பதை இதுதான் சொல்லும். அவைத்தலைவர் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார். கிளையை ஓட்டுகிறவர் செயலாளர். மேலேயும் நெடுங்காலம் அப்படித்தான்: 1949-இல் கட்சி தொடங்கியபோது தலைவர் நாற்காலி பெரியாருக்கு என்று காலியாகவே விடப்பட்டது, அண்ணா பொதுச் செயலாளராக இருந்து நடத்தினார். 1969-இல் கலைஞர் தலைவரான பிறகுதான் அந்த நாற்காலியில் ஆள் உட்கார்ந்தது. ஆகவே தீர்மானப் புத்தகம், கடிதப் போக்குவரத்து, உறுப்பினர் பட்டியல் எல்லாம் பழைய செயலாளர்கள் வீட்டுப் பரணில் தேடுங்கள். ரசீதுக் கட்டையும் வரவு செலவு நோட்டும் பொருளாளர் வீட்டில் இருக்கும். எங்கள் வீட்டில் அப்பாவின் தகரப் பெட்டியில் பதினோரு நோட்டு கிடைத்தது, எல்லாம் வரவு செலவு. தீர்மானப் புத்தகம் மூன்றாவது செயலாளரின் மருமகள் வீட்டில், நெல் அவிக்கும் அண்டாவுக்குள் இருந்தது.

கொடிக்கம்பத்துக் கல்வெட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். ஆனால் அதில் ஏமாறக் கூடாது. எங்கள் ஊர்க் கல்லில் சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்த்தபோது 1962 என்று இருந்தது. அதையே கிளை தொடங்கிய வருஷம் என்று முதல் படியில் எழுதிவிட்டேன். பிறகு கிடைத்த நோட்டில் 1956 வரவு இருக்கிறது. கல்லில் இருப்பது கம்பம் நட்ட தேதி, கிளை பிறந்த தேதி ஆகாது. வசதி வந்த பிறகுதானே கல் வெட்டுவார்கள்.

தேதி போடாத காகிதம்தான் அதிகம் கிடைக்கும். அதற்குக் காலம் குறிக்கச் சில வழிகள் வைத்திருக்கிறேன். ரசீதில் அணா இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. நயா பைசா என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் நடுவில். வெறும் பைசா என்றால் அதற்குப் பிறகு. நோட்டீசில் 'சென்னை மாநிலம்' என்றிருந்தால் 1969 பொங்கலுக்கு முன், ஏனென்றால் தமிழ்நாடு என்ற பெயர் 1969 ஜனவரி 14 அன்று நடைமுறைக்கு வந்தது. முகவரியில் பின்கோடு எண் அச்சாகியிருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். எங்கள் பக்கம் 'தஞ்சை மாவட்டம்' என்றால் 1991 வரை, 'நாகை' என்றால் அதற்குப் பிறகு, 'திருவாரூர் மாவட்டம்' என்றால் 1997 முதல். இதில் ஒரு எச்சரிக்கை: கழக மாவட்டமும் வருவாய் மாவட்டமும் ஒன்றல்ல. இன்றைக்கு அரசுக் கணக்கில் 38 மாவட்டம், கட்சிக் கணக்கில் அதைவிட மிகவும் கூடுதல். ஒரே வருவாய் மாவட்டத்தைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்து நடத்துவார்கள். உங்கள் கிளை எந்தக் காலத்தில் எந்த மாவட்டச் செயலாளரின் கீழ் இருந்தது என்பதை நோட்டீசை வைத்துத்தான் சொல்ல முடியும், வரைபடத்தை வைத்து முடியாது.

எழுத்தும் காலம் சொல்லும். ணை, லை, னை இவற்றில் பழைய கொம்பு போட்டிருந்தால் பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு. புது எழுத்து இருக்கிறதே என்று உடனே 1978-க்குப் பின் என்று முடிவுகட்டாதீர்கள். பெரியார் தம் ஏடுகளில் 1935-லிருந்தே புது எழுத்தைத்தான் பயன்படுத்தினார். இயக்கத்துக்காரர்கள் பலர் அதைப் பின்பற்றியிருக்கிறார்கள். 'ஒன்றியச் செயலாளர்' என்ற சொல் வந்தால் ஊராட்சி ஒன்றியங்கள் உருவான 1960-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ என்று கொள்ளலாம்.

இனி ஆட்களிடம் பேசுவது. எந்த வருஷம் என்று மட்டும் கேட்காதீர்கள். எண்பது வயதுக்காரருக்கு வருஷம் தெரியாது, சம்பவம் தெரியும். கட்சியின் வரலாற்றை நாம் படித்து வைத்திருப்பது அதற்குத்தான். ராயபுரம் ராபின்சன் பூங்காவில் மழையில் நடந்த தொடக்கக் கூட்டம், 1953-இன் மும்முனைப் போராட்டமும் அதில் கல்லக்குடி ரயில் மறியலும், 1956 திருச்சி மாநாடு, 1957-இல் முதல் தேர்தல், 1962-இல் 50 இடம் வென்றும் அண்ணா காஞ்சிபுரத்தில் தோற்றது, 1965 இந்தி எதிர்ப்பு, 1967-இல் ஆட்சி, 1969 பிப்ரவரி 3-இல் அண்ணா மறைவு. இவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். "அண்ணா செத்தப்போ கிளை ஆபீஸ் கீத்துக் கொட்டகையா, ஓட்டுக் கட்டடமா?" என்று கேட்டால் உடனே பதில் வரும்.

எங்கள் கிளையின் பிறப்பே இப்படித்தான் பிடிபட்டது. ஒரு பெரியவர் சொன்னார்: "திருச்சிக்குப் போயிட்டு வந்த பொறவுதான் கிளை. அங்க எங்ககிட்ட ஓட்டுக் கேட்டாங்க." தேர்தலில் நிற்பதா வேண்டாமா என்று அந்த மாநாட்டில் வந்திருந்தவர்களிடமே பெட்டி வைத்து வாக்குக் கேட்டார்கள். அதுவரை திராவிடர் கழகத்துப் பழக்கத்தில் தேர்தல் பக்கமே போகாதிருந்த பிள்ளைகள், நம்மைக் கேட்டல்லவா முடிவெடுக்கிறார்கள் என்ற பெருமையோடு ஊருக்குத் திரும்பியிருக்கிறார்கள். அப்பாவுக்கு அப்போது இருபத்தொரு வயது.

1972-ஐப் பற்றிக் கேட்கும்போது நிதானம் வேண்டும். எம்.ஜி.ஆர். அந்த அக்டோபரில் விலக்கப்பட்டு அ.தி.மு.க. தொடங்கியபோது பல ஊர்களில் கிளை பாதியாகப் பிளந்தது. எங்கள் ஊரில் செயலாளரும் இளைஞர்களில் பெரும்பகுதியும் போனார்கள். அண்ணன் தம்பி பேச்சில்லாமல் போன வீடு இரண்டு. போனவர்களை விட்டுவிட்டு எழுதினால் முதல் பதினாறு வருஷக் கதையே கிடையாது, கிளையைக் கட்டியவர்களில் பாதி அவர்கள்தானே. நான் அந்த வீடுகளுக்கும் போனேன். "இப்ப நீங்க எந்தக் கட்சி என்று எழுத மாட்டேன், அப்ப என்ன செஞ்சீங்க என்று மட்டும் சொல்லுங்க" என்றதும் காப்பி வந்தது. 1994-இல் வைகோ ம.தி.மு.க. கண்டபோது பிரிந்தவர்களிடமும் இதே முறைதான்.

நெருக்கடி நிலைக் காலம் தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டிய ஒன்று. 1976 ஜனவரி 31 அன்று ஆட்சி கலைக்கப்பட்டது. அதன்பின் கைதுகள். எங்கள் கிளைக் கணக்கு நோட்டில் அந்தப் பிப்ரவரியிலிருந்து பதின்மூன்று மாதம் ஒரு வரியும் இல்லை. காரணம் அம்மாவுக்குத்தான் தெரிந்திருந்தது: நோட்டுகளைத் துணியில் சுற்றிக் குதிருக்குள் நெல்லுக்கு அடியில் வைத்தது அம்மா. கொடித்துணியைப் பிரித்துக் கறுப்பைத் தனியாகவும் சிவப்பைத் தனியாகவும் தைத்துத் தலையணை உறை ஆக்கியதும் அம்மாதான். இதை அவர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதில்லை.

ஆகவே பெண்களிடம் கேளுங்கள் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். தீர்மானப் புத்தகத்தில் முதல் முப்பது வருஷம் ஒரு பெண் பெயர் கிடையாது. ஆனால் பேச்சாளருக்குச் சமைத்தது, மாநாட்டுக்கு வண்டிகட்டிப் போகிறவர்களுக்குப் புளிச்சோறு கட்டியது, கொடி தைத்தது, உண்டியல் காசை எண்ணியது எல்லாம் வீட்டுப் பெண்கள். ஆண்கள் திண்ணையில் பேசும்போது பெண்கள் பேச மாட்டார்கள். நான் இன்னொரு நாள், ஆண்கள் வயலுக்குப் போன நேரம் பார்த்துப் போனேன்.

தெருவையும் கேட்டாக வேண்டும். கொடிக்கம்பம் எந்தத் தெருவில் நிற்கிறது, கூட்டம் எங்கே நடந்தது, எந்தத் தெருவிலிருந்து யார் பொறுப்புக்கு வந்தார்கள். கீழத்தஞ்சையில் விவசாயத் தொழிலாளர்கள் பெரும்பாலும் கம்யூனிஸ்டுகளின் செங்கொடிச் சங்கத்தில் இருந்தார்கள். 44 பேர் எரிக்கப்பட்ட கீழ்வெண்மணியும் இந்த மண்தான், அது 1968 டிசம்பரில், அண்ணா முதலமைச்சராக இருந்த காலத்திலேயே நடந்தது. சமத்துவம் பேசிய இயக்கத்தின் கிளை உங்கள் ஊரில் அந்தத் தொழிலாளர்கள் வாழும் தெற்குத் தெரு வரை போனதா, நடுத்தெருவோடு நின்றதா என்பதை எழுதாமல் விட்டால் அது வரலாறு இல்லை, வாழ்த்து மடல். எங்கள் கிளையில் தெற்குத் தெருக்காரர் ஒருவர் பொறுப்புக்கு வர 1989 வரை ஆயிற்று. இதை அச்சில் போடுவதற்குச் சிலர் வருத்தப்பட்டார்கள். நோட்டைக் காட்டினேன், போட்டோம்.

ஆட்சி இல்லாத வருஷங்களை ஒரு வரியில் தாண்டிவிடாதீர்கள். 1976-இலிருந்து 1989 வரை பதின்மூன்று வருஷம் கட்சி கோட்டையில் இல்லை. அமைச்சரோ வேலைவாய்ப்போ இல்லாத அந்தக் காலத்தில் கிளை எப்படி மூச்சு விட்டது? அப்பாவின் நோட்டு சொல்கிறது: படிப்பகத்துக்குக் கட்சி நாளேடான முரசொலிக்குச் சந்தா, மண்ணெண்ணெய், செப்டம்பரில் முப்பெரும் விழாவுக்கு (பெரியார், அண்ணா பிறந்த நாள்களும் கட்சி தொடங்கிய நாளும்) மைக் செட் வாடகை, கட்சிக்காரர் வீட்டுச் சாவுக்கு மாலை. நெருக்கடி நிலையின் வெற்று மாதங்கள் போக, மாதம் தவறாமல் இந்த நான்கு செலவுகளில் ஒன்றாவது இருக்கிறது. 1967-இன் வெற்றியைவிட இந்தப் பக்கங்கள்தான் எனக்கு அப்பாவைக் காட்டின.

புகைப்படங்களை யாரிடமிருந்தும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள், அங்கேயே செல்போனில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மலர் தயாரிக்கிறோம் என்று முன்பு ஒருவர் எங்கள் ஊரில் ஒன்பது படங்கள் வாங்கிப் போனார், ஒன்றும் திரும்பவில்லை. அந்த வடுவினால் என்னைக்கூட முதலில் திண்ணைக்கு மேல் விடவில்லை. படம் எடுத்தவுடன் இடமிருந்து வலமாகப் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். பெயர் தெரியாதவரையும் 'தெரியவில்லை' என்று எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எழுதும்போது ஒரே ஒழுங்கு வைத்துக்கொண்டேன். நோட்டில் இருப்பது வேறு, ஒருவர் சொன்னது வேறு, நான் யூகிப்பது வேறு. மூன்றையும் வாசகர் பிரித்தறியும்படி எழுத வேண்டும். இரண்டு பேர் மாற்றிச் சொன்னால் இரண்டையும் போடுங்கள். பட்டப்பெயரோடு எழுதுங்கள், இல்லாவிட்டால் ஊரில் ஆளே அடையாளம் தெரியாது. அச்சுக்கு முன் ஒரு நாள் படிப்பகத்தில் எல்லாரையும் கூட்டி முழுவதையும் வாசித்துக் காட்டுங்கள். எங்களுக்கு அந்த ஒரே மாலையில் முப்பத்தொரு திருத்தம் வந்தது.

ஏழு பேரில் ஆறு பெயர் கிடைத்தது. ஏழாமவர் 1956 தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் கைநாட்டு வைத்திருக்கிறார், பக்கத்தில் பெயர் எழுதிய இடத்தைக் கரையான் தின்றிருக்கிறது. அந்தப் பக்கத்தை அப்படியே படம் பிடித்து நூலில் சேர்த்தோம். நூல் வெளிவந்த மூன்றாம் வாரம் தெற்குத் தெருவிலிருந்து ஒரு அம்மா வந்து, அது தன் மாமனார் என்றார், திருச்சிக்கு நடந்தே போனவராம். அதற்கு அடுத்த மாதம் மேலத்தெருவிலிருந்து ஒருவர் வந்து, அது தன் பெரியப்பா என்றார். இருவர் பெயரையும் என் பிரதியில் அந்தக் கைநாட்டுக்குக் கீழே பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.