வயிறு கெட்டபின் பாலும் சப்பாத்தியும் ஒத்துக்கொள்ளவில்லையா? எது காரணம் என்று கண்டுபிடிக்கும் வழி

ஒரு தடவை நன்றாக வயிற்றுப்போக்கு வந்து போனபின், அல்லது ஆன்டிபயாடிக் ஒரு கோர்ஸ் முடித்தபின், அதுவரை ஒழுங்காகச் செரித்துக்கொண்டிருந்த சாப்பாடு திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போவது ரொம்பச் சகஜம். காலையில் காபி இறங்கியதும் வயிறு கடமுடவென்று உருளும், ராத்திரி சப்பாத்தி சாப்பிட்டால் விடிய விடிய உப்புசம். உடனே பாலை நிறுத்து, கோதுமையை நிறுத்து, பருப்பை நிறுத்து என்று ஆளாளுக்குச் சொல்ல, கடைசியில் தட்டில் ரசம் சாதம் மட்டும்தான் மிஞ்சும். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. பெரும்பாலும் இது குடல் தேறும்வரை இருக்கிற பிரச்சினை, அதுவும் அளவைப் பொறுத்த பிரச்சினை. எது, எவ்வளவு என்று வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

அதற்கு முன் ஒன்று. சாப்பிட்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ உதடு வீங்குகிறது, உடம்பெல்லாம் தடிக்கிறது, மூச்சு முட்டுகிறது என்றால் அது அலர்ஜி, அதை வீட்டில் சோதித்துப் பார்க்கவே கூடாது, மருத்துவரிடம்தான் போகவேண்டும். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, இதில் எது இருந்தாலும் அப்படித்தான்.

சரி, குடலில் என்ன நடக்கிறது? பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைப் பிரிக்கும் லாக்டேஸ் நொதி, சிறுகுடலின் உட்சுவரில் சின்னச் சின்ன விரல்போல நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளுடைய நுனியில் இருக்கிறது. தொற்று வந்தால் முதலில் அடிவாங்குவது அந்த நுனிதான். நொதி குறைந்ததும் லாக்டோஸ் அப்படியே பெருங்குடலுக்கு இறங்கி, அங்கிருக்கும் பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து வாயு உண்டாக்குகிறது. நுனி மறுபடி வளர்ந்ததும், அதாவது சில வாரங்களிலோ ஓரிரு மாதங்களிலோ, இது சரியாகிவிடும். போதாக்குறைக்கு, தென்னிந்தியாவில் பெரியவர்களில் பாதிக்கு மேல் லாக்டேஸ் இயல்பாகவே குறைவு, அது பலருக்குத் தெரிவது இப்படி வயிறு கெட்ட பிறகுதான்.

உணவு ஒத்துக்கொள்ளாமல் போக இன்னொரு வழியும் இருக்கிறது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் 2021இல் வெளியிட்ட ஆய்வில், குடலில் தொற்று இருக்கும் நேரத்தில் எலிகளுக்கு முட்டைப் புரதம் கொடுத்தார்கள். தொற்று போன பிறகும் அந்தப் புரதம் திரும்ப உள்ளே போனால் எலிகளுக்கு வயிற்று வலி. நோய் எதிர்ப்பு மண்டலம் கிருமியோடு சேர்த்து அந்த உணவையும் எதிரி என்று குறித்துக்கொண்டுவிட்டது, அதுவும் குடலில் மட்டும். அதனால்தான் வழக்கமான அலர்ஜி ரத்தப் பரிசோதனையில் இது மாட்டாது. எரிச்சல் குடல் நோய் (ஐபிஎஸ், அடிக்கடி வயிற்று வலியும் மலம் போவதில் மாற்றமும் தரும் நாள்பட்ட கோளாறு) உள்ள 12 பேரின் குடல் சுவரில் கோதுமை, பால், சோயா போன்றவற்றைச் செலுத்திப் பார்த்தபோது 12 பேருக்குமே ஏதோ ஒன்றாவது எதிர்வினை காட்டியது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் "எல்லாம் உன் மனப்பிரமை" என்று சொல்பவர்களிடம் காட்டலாம்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் மாத்திரைகளைப் பாருங்கள். சர்க்கரைக்குப் புதிதாக மெட்ஃபார்மின் ஆரம்பித்திருந்தால் வயிற்றுப்போக்கும் உப்புசமும் அதனாலேயே வரலாம், பழி பாலுக்குப் போகும். சுகர் ஃப்ரீ மிட்டாயில் இருக்கும் சார்பிட்டால் என்ற இனிப்பும் அப்படித்தான். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள்.

அடுத்தது, கோதுமைமேல் சந்தேகம் இருந்தால், அதை நிறுத்துவதற்கு முன்பே சீலியாக் நோய்க்கான (கோதுமையிலுள்ள க்ளூட்டன் என்ற புரதத்தால் குடல் சேதமாகும் நோய்) ரத்தப் பரிசோதனையை எடுத்துவிடுங்கள். கோதுமையை நிறுத்தி மாதங்கள் ஆனபின் எடுத்தால் நோய் இருந்தாலும் இல்லையென்று வரலாம். ஆனால் நூறு உணவுகளுக்கு ஒரே ரத்தத்தில் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தைப் பார்த்துத் தருகிறோம் என்று விற்கிற பரிசோதனைக்குப் பணம் கட்டாதீர்கள். நீங்கள் எதைச் சாப்பிட்டு வந்தீர்கள் என்பதைத்தான் அது காட்டும். ஐரோப்பிய, அமெரிக்க அலர்ஜி மருத்துவர் சங்கங்கள் அதை வேண்டாம் என்றே சொல்லியிருக்கின்றன.

ஒரு வாரம் எதையும் மாற்றாமல், என்ன சாப்பிட்டீர்கள், எப்போது, வயிறு என்ன செய்தது என்று எழுதுங்கள். தூக்கத்தையும் டென்ஷனையும்கூட எழுதுங்கள், அதுவும் குடலை ஆட்டிப்படைக்கும்.

அப்புறம் ஒரு நேரத்தில் ஒரே ஒரு சந்தேகம். பாலில் ஆரம்பிப்பது சுலபம். இரண்டு வாரம் பால், தயிர், பால்கோவா, ஐஸ்கிரீம் எதுவும் வேண்டாம். தொல்லை குறைந்தால் முதலில் தயிரைக் கொண்டுவாருங்கள், அதிலுள்ள பாக்டீரியா லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்றிருக்கும், பலருக்கு ஒத்துக்கொள்ளும். பிறகு கால் டம்ளர் பால், மறுநாள் அரை, அதற்கு அடுத்த நாள் முழு டம்ளர். வெறும் பாலாகக் குடித்துப் பாருங்கள், காபியில் கலந்து சோதிக்காதீர்கள். காபியே பெருங்குடலை முடுக்கிவிடும், எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். 100 மில்லி பாலில் சுமார் 5 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களில் பெரும்பாலானோர் ஒரு வேளைக்கு 12 கிராம் வரை, அதாவது ஒரு பெரிய டம்ளர் வரை தாங்குகிறார்கள். ஆகவே ஒரு நாளுக்கு ஒரு காபியை விடவேண்டியவர்கள் ரொம்பக் குறைவு.

காரணம் பால் இல்லையென்றால் அடுத்த சந்தேகம் வெங்காயம், பூண்டு, கோதுமை மூன்றுமாக. இவற்றில் பொதுவாக இருப்பது ஃப்ரக்டான் என்கிற, நம் சிறுகுடலில் செரிக்காத ஒரு வகைச் சர்க்கரைச் சங்கிலி. கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை, க்ளூட்டன்தான் காரணம் என்று நம்பிய 59 பேரை வைத்து ஆஸ்லோவில் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், அதிகத் தொல்லை கொடுத்தது ஃப்ரக்டான்தான். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் இந்த வகைச் சர்க்கரைகளுக்கெல்லாம் சேர்த்து ஃபாட்மேப் என்று பெயர் வைத்து, அவற்றைக் குறைத்துச் சாப்பிடும் உணவுமுறையை உருவாக்கியது.

நம் சமையலில் இதை ஒதுக்குவதுதான் பெரிய பாடு. சாம்பாரிலிருந்து வெங்காயத்தை எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிடுவதில் பிரயோஜனமில்லை, ஃப்ரக்டான் தண்ணீரில் கரைந்து குழம்பிலேயே இறங்கியிருக்கும். எண்ணெயில் அது கரையாது. எனவே தாளிக்கும் எண்ணெயில் பூண்டைப் பொரித்து, பூண்டை எடுத்துப் போட்டுவிட்டால் மணம் மட்டும் நிற்கும். வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி. பெருங்காயம் நல்ல மாற்று, ஆனால் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், தூள் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பதுண்டு. கொண்டைக்கடலை, ராஜ்மாவை இரவு முழுக்க ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் வாயு குறையும். இட்லி இந்தச் சமயத்துக்கு நல்ல சாப்பாடு, உளுந்தின் வாயு உண்டாக்கும் சர்க்கரைகள் மாவு புளிக்கும்போதே குறைகின்றன. ஆனால் இட்லியில் நல்ல பாக்டீரியா உயிரோடு இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஆவியில் வெந்தபின் எது பிழைக்கும்?

இந்த ஒதுக்கலை இரண்டிலிருந்து ஆறு வாரத்துக்குள் முடியுங்கள். முடித்ததும் பூண்டு மூன்று நாள், பிறகு வெங்காயம் மூன்று நாள், பிறகு சப்பாத்தி என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே வாருங்கள், நடுவில் ஓரிரு நாள் இடைவெளி விட்டு. பலர் இந்தப் பாதியைச் செய்வதே இல்லை, ஒதுக்கியது நிம்மதி என்று அப்படியே இருந்துவிடுகிறார்கள். அதில் ஒரு சிக்கல். இந்தச் சர்க்கரைகளைத் தின்றுதான் பிஃபிடோபாக்டீரியா போன்ற நல்ல பாக்டீரியா வாழ்கின்றன, ஒதுக்கினால் அவை குறைகின்றன. தொல்லை கொடுத்த உணவையும் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி சின்ன அளவில் சோதியுங்கள்.

குழந்தைகளுக்கு இது எதுவும் வேண்டாம். வயிற்றுப்போக்கின்போதும் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது, வழக்கமான சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது. பால் குடித்தபின் வயிற்றுப்போக்கு அதிகமாகிறது என்று தோன்றினால் குழந்தை மருத்துவர்தான் முடிவு செய்யவேண்டும்.