ஹையலூரோனிக் ஆசிட்: முகத்திலும் முட்டியிலும் செய்யக் கூடாதவை

ஹையலூரோனிக் ஆசிட் நம் உடம்பு தானே தயாரித்துக்கொள்ளும் பொருள். 70 கிலோ எடையுள்ள ஒருவர் உடம்பில் ஏறக்குறைய 15 கிராம் இருக்கும். அதில் சுமார் பாதி தோலில் இருக்கிறது. தினமும் மூன்றில் ஒரு பங்கு சிதைந்து, புதிதாக ஊறும். 1934-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டுக் கண்ணிலிருந்து இதை முதலில் பிரித்தெடுத்தார்கள். இன்று சீரம், மாத்திரை, கண் சொட்டு மருந்து, முட்டி ஊசி என்று பல வடிவங்களில் விற்கிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் வேலையும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். பெரும்பாலான தவறுகள் அங்கிருந்துதான் வருகின்றன. இது எந்த இடத்தில் போய்ச் சேர்கிறதோ, அந்த இடத்து வேலையை மட்டுமே செய்யும்.

சீரத்தில் தொடங்குவோம். காய்ந்த முகத்தில் தடவுவதுதான் எல்லோரும் செய்வது. இந்தப் பொருள் தண்ணீரைப் பிடித்துவைக்கும், ஆனால் தண்ணீரைத் தராது. தோலில் ஈரம் இல்லாவிட்டால் பிடித்துவைக்க எதுவும் இல்லை. மெல்லிய படலமாகக் காய்ந்து, முகம் இழுத்துப் பிடிப்பதுபோல் இருக்கும். நாள் முழுக்க ஏசி அறையில் இருப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். முகத்தைக் கழுவி, துண்டால் லேசாக ஒற்றியெடுத்து, ஈரம் பளபளக்கும்போதே 2, 3 சொட்டு சீரத்தை உள்ளங்கையில் பரப்பி முகத்தில் ஒத்தடம் கொடுப்பதுபோல் வையுங்கள். ஒரு நிமிடம் கழித்து மாய்ஸ்சரைசர் போட்டே ஆக வேண்டும். பெட்ரோலியம் ஜெல்லி, டைமெத்திக்கோன், ஷியா பட்டர் மாதிரி ஈரத்தை மூடிக்காக்கும் பொருள் அதில் இருக்கட்டும். பகலில் அதற்கு மேல் சன்ஸ்கிரீன். சொட்டுக் குழாயின் முனை முகத்தில் படக் கூடாது, பட்டால் கிருமி பாட்டிலுக்குள் போய்விடும்.

நிறையப் போட்டால் நிறைய ஈரம் கிடைக்காது. அதிகமாகப் போட்ட சீரம் தோலில் ஒட்டாமல் மேலேயே நிற்கும். அதன்மேல் சிலிக்கோன் கலந்த சன்ஸ்கிரீனைத் தேய்த்தால் அழுக்குத் திரள்வதுபோல் உருண்டு உருண்டு வரும். அளவைக் குறையுங்கள், தேய்க்காமல் ஒற்றுங்கள்.

லேபிளில் உள்ள எண்களையும் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். பெரிய மூலக்கூறு உள்ள ஹையலூரோனிக் ஆசிட் 1, 2 சதவீதத்திலேயே கெட்டியான ஜெல் ஆகிவிடும். ஆகவே ‘100% ஹையலூரோனிக் ஆசிட்’ என்று ஒரு திரவ சீரம் சொன்னால், பாட்டில் முழுக்க அதுவே இருக்கிறது என்று அர்த்தமில்லை. பத்து லட்சம் டால்டனுக்கு (மூலக்கூறு எடையை அளக்கும் அலகு) மேல் எடையுள்ள மூலக்கூறு தோலின் மேற்பரப்பில் தங்கும். ஐம்பதாயிரத்துக்குக் கீழே உள்ளது மேலடுக்குகளுக்குள் கொஞ்சம் இறங்கும். சிறியதே சிறந்தது என்று தேடி வாங்க வேண்டாம். மிகச் சிறிய துண்டுகள் சிலருக்குச் சிவப்பையும் எரிச்சலையும் தரும். எந்த அளவானாலும், வறட்சியால் தெரியும் மெல்லிய கோடுகள் ஈரத்தில் கொஞ்ச நேரம் மறையும், ஆழமான சுருக்கம் போகாது.

பவுடர் வாங்கி வீட்டிலேயே கலக்குபவர்கள் கவனிக்க வேண்டியது இன்னும் அதிகம். 1 சதவீதத்துக்கு 100 மில்லி டிஸ்டில்ட் வாட்டரில் 1 கிராம் சோடியம் ஹையலூரோனேட் (ஹையலூரோனிக் ஆசிட்டின் உப்பு வடிவம், பவுடராக விற்பது இதுதான்) போதும். மொத்தமாகக் கொட்டிக் கலக்கினால் வெளியே ஜெல், உள்ளே காய்ந்த பொடி என்று கட்டி தட்டிவிடும். தண்ணீரின்மேல் மெல்லத் தூவி, மூடி, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் விடுங்கள், தானே கரையும். கட்டியைவிட ஆபத்தானது பதப்பொருள் (கெடாமல் காக்கும் பிரிசர்வேட்டிவ்) சேர்க்காமல் வாரக்கணக்கில் வைத்துக்கொள்வது. பார்வைக்குத் தெளிவாக இருக்கும்போதே அதில் கிருமி பெருகியிருக்கும். பதப்பொருள் இல்லையென்றால் 10 மில்லி மட்டும் கலந்து, ஃபிரிட்ஜில் வைத்து, ஓரிரு நாளில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். அதற்கு 0.1 கிராம் பவுடர் வேண்டும், சமையலறைத் தராசு அந்த அளவைச் சரியாகக் காட்டாது. இவ்வளவு சிரமத்துக்கு மூடி முத்திரையிட்ட சீரம் வாங்குவதே மேல். இரண்டுமே கண்ணுக்குள் விடத் தக்கவை அல்ல, கண் சொட்டு மருந்து கிருமி நீக்கித் தனியாகத் தயாரிக்கப்படுவது.

இனி முட்டி. ‘மூட்டில் எண்ணெய் வற்றிப்போச்சு’ என்ற பேச்சில் ஓரளவு உண்மை உண்டு. ஆரோக்கியமான மூட்டுத் திரவத்தில் ஒரு மில்லிக்கு 2.5 முதல் 4 மில்லிகிராம் ஹையலூரோனிக் ஆசிட் இருக்கும். தேய்மானம் வந்தால் அதன் அளவும் குறையும், நீளச் சங்கிலிகளும் துண்டாகும். ஆனால் முழங்காலில் கிரீம் தேய்த்து அதை ஈடுகட்ட முடியாது. தோல், கொழுப்பு, மூட்டுறை எல்லாவற்றையும் தாண்டி அந்த மூலக்கூறு உள்ளே போகாது. மாத்திரையைக் குடல் கிருமிகள் துண்டு துண்டாக்கிவிடும். தினம் 80 முதல் 240 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் சிலருக்கு வலியோ வறட்சியோ கொஞ்சம் குறைந்தது, ஆனால் அவை சிறிய ஆய்வுகள். எடுப்பதானால் 12 வாரம் பாருங்கள், மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். டாக்டர் கொடுத்த மருந்தை இதற்காக விடக் கூடாது.

முட்டிக்குள் போடும் ‘ஜெல் ஊசி’ உண்மையிலேயே மூட்டுக்குள் போகிறது. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1997-இல் முழங்கால் தேய்மானத்துக்கு இதை அனுமதித்தது. அதற்காக எல்லோருக்கும் பலன் உறுதி என்று பணம் கட்டிவிடாதீர்கள். 2022-இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வு, வலிக் குறைவு மிகச் சிறியது என்றே கண்டது. எல்லோருக்கும் வழக்கமாகப் போட வேண்டாம் என்கிறது அமெரிக்க எலும்பு மருத்துவர் சங்கத்தின் 2021 வழிகாட்டுதல். எலும்போடு எலும்பு உரசும் நிலைக்கு வந்தவர்களுக்குப் பலன் இன்னும் குறைவு. தேய்ந்த குருத்தெலும்பு இதனால் வளராது. ஊசி போட்ட அன்றே வலி போகாது. பலன் தெரிய 4 முதல் 8 வாரம் ஆகலாம், ஆறு மாதத்தில் மங்கிவிடும். தொடைத் தசைப் பயிற்சியையும் எடைக் குறைப்பையும் விட்டுவிட்டு இதை மட்டும் நம்புவது பெரிய தவறு. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு நாலு கிலோ பாரம் குறைகிறது.

போட்டுக்கொள்வது என்று முடிவானால் முன்கூட்டியே சொல்ல வேண்டியது ஒவ்வாமை. சில மருந்துகள் சேவல் கொண்டையிலிருந்து எடுக்கப்படுகின்றன. கோழி, முட்டை, இறகு ஒத்துக்கொள்ளாதவர்கள் பாக்டீரியா நொதித்தல் மூலம் தயாரான மருந்தைக் கேட்டுப் பெறலாம். முட்டியில் நீர் கோத்திருந்தால் அதை எடுத்த பிறகே ஊசி போட வேண்டும். தோலைத் துடைக்கும் கிருமிநாசினி பென்சால்கோனியம் வகையாக இருக்கக் கூடாது, அதோடு சேர்ந்தால் ஹையலூரோனிக் ஆசிட் திரிந்துவிடும். பிறகு 48 மணி நேரம் ஓட்டம், பாரம் தூக்குவது, ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்பது எதுவும் வேண்டாம். லேசான வலியும் வீக்கமும் ஓரிரு நாளில் ஐஸ் ஒத்தடத்தில் அடங்கும். காய்ச்சலோடு முட்டி சிவந்து சுட்டால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உதட்டையும் கன்னத்தையும் உப்பலாக்க உள்ளே செலுத்தும் ஹையலூரோனிக் ஆசிட் ஜெல்லான ஃபில்லர் தனி விஷயம், ஆனால் அங்கே நடக்கும் ஒரு தவறு கண்ணையே பறிக்கும். ஊசியில்லாமல் அழுத்தத்தால் உள்ளே செலுத்தும் ‘ஹையலூரான் பேனா’ வாங்கி வீட்டிலோ பார்லரிலோ போடுகிறார்கள். 2021 அக்டோபரில் எஃப்டிஏ இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது. ரத்தக் குழாய் அடைத்தால் தோல் வெளுத்துக் கடுமையாக வலிக்கும், பார்வை மங்கும். உடனடியாக ஹையலூரோனிடேஸ் என்ற நொதியைச் செலுத்தி ஃபில்லரைக் கரைக்க வேண்டும். அந்த மருந்தைக் கையில் வைத்திருக்கும், போடத் தெரிந்த மருத்துவரிடம் மட்டுமே ஃபில்லர் போட்டுக்கொள்ளுங்கள்.