குதிகால் வலி போய்ப் போய்த் திரும்பி வருகிறதா? ஒரு துண்டும் ஒரு படிக்கட்டும் போதும்

காலையில் படுக்கையை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஆணி ஏறியது போல ஒரு குத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிக் குளியலறை வரை போவதற்குள் கொஞ்சம் குறைந்து, பத்து நிமிடத்தில் ஏறக்குறைய மறந்தே போய், அப்புறம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் அதே குத்து. எனக்கு இது எட்டு மாதம் இருந்தது. அந்த எட்டு மாதத்தில் மூன்று முறை ஒரே தப்பைச் செய்தேன்: இரண்டு வாரம் ஓடாமல் இருப்பேன், வலி போய்விடும், சரியாகிவிட்டது என்று நினைத்து பழைய தூரத்தையே ஓடுவேன், மறுநாள் காலை வலி முதலில் இருந்து தொடங்கும்.

ஓய்வு எடுத்தால் வலி குறைவது உண்மைதான். ஆனால் கூடவே அந்தத் திசு எடை தாங்கும் சக்தியும் குறைகிறது. அதனால் திரும்பி வரும்போது முன்பைவிடப் பலவீனமான காலோடு அதே ஓட்டத்துக்குப் போகிறோம். இந்தச் சுழலை உடைக்க, திசுவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக எடை பழக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். ஆனால் எந்தத் திசு என்று தெரிந்தால்தான் எப்படிப் பழக்குவது என்று தெரியும்.

முதல் படி: கட்டைவிரலால் இடத்தைத் தேடுங்கள்

நாற்காலியில் உட்கார்ந்து வலிக்கும் காலைத் தூக்கி மறு முழங்கால் மேல் போடுங்கள். ஒரு கையால் கால்விரல்களை மேல்நோக்கி வளைத்துப் பிடித்தால் உள்ளங்காலில் ஒரு நாண் விறைத்து நிற்பது தெரியும். அதுதான் பிளான்டார் ஃபேசியா, குதிகால் எலும்பில் தொடங்கி விரல்கள் வரை போகும் தடித்த திசுப்பட்டை. அது குதிகாலோடு சேரும் இடத்தில், அடிப்பக்கம், சற்று உள்பக்கமாகக் கட்டைவிரலால் அழுத்தும்போது "ஆ, இதுதான்" என்று வாய் தானாகச் சொன்னால் உங்களுக்கு இருப்பது பெரும்பாலும் பிளான்டார் ஃபேசியைட்டிஸ். குதிகால் வாதம் என்று பேச்சில் சொல்வதும் அநேகமாக இதைத்தான்.

வலி பின்பக்கம் என்றால், ஆடுசதையில் இருந்து குதிகாலுக்கு இறங்கும் தடித்த கயிறு போன்ற அக்கிலீஸ் தசைநாணைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, கீழே இருந்து மேலே மெதுவாக நகர்த்திப் பாருங்கள். (நரம்பு இழுக்கிறது என்று நாம் சொல்வது பல நேரம் நரம்பே இல்லை, தசைநாண்தான்.) குதிகால் எலும்பில் இருந்து 2 முதல் 6 சென்டிமீட்டர் மேலே, கொஞ்சம் தடித்து வலித்தால் அது நடுப்பகுதிப் பிரச்சினை. எலும்போடு ஒட்டும் இடத்திலேயே, ஷூவின் பின்பக்கம் உரசும் இடத்தில் வலித்தால் அது ஒட்டுமிடப் பிரச்சினை. இரண்டுக்கும் பயிற்சியில் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு, கீழே வருகிறேன்.

எக்ஸ்ரேயில் எலும்பு முள் தெரிகிறது என்று சொன்னால் பதற வேண்டாம். எனக்கும் சொன்னார்கள், நான் ஒரு வாரம் காலைத் தரையில் வைக்கவே பயந்தேன். வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு அந்த முள் இருக்கிறது, முள் இருக்கும்போதே வலி போனவர்களும் நிறைய. எனக்கு வலி போய்விட்டது, முள் அங்கேயேதான் இருக்கும்.

இரண்டாம் படி: இந்தப் பதிவு யாருக்கு இல்லை

ஓடும்போது பின்னால் யாரோ உதைத்தது போல "டப்" என்று ஒரு உணர்வு, அதன்பின் அந்தக் காலில் நுனிக்காலில் நிற்கவே முடியவில்லை என்றால் தசைநாண் அறுந்திருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். குதிகாலை இரண்டு பக்கமும் உள்ளங்கைகளால் அழுத்தினால் கடுமையாக வலித்தால் எலும்பில் நுண்ணிய முறிவு இருக்கலாம், அதற்கு இந்தப் பயிற்சிகள் தீங்கு. படுத்திருக்கும்போதும் விடாத வலி, காய்ச்சல், சிவந்து வீங்குதல், ஆடுசதையே வீங்கிச் சூடாக இருத்தல், பாதத்தில் மரத்துப்போதல் அல்லது எரிச்சல், இவற்றில் எது இருந்தாலும் முதலில் மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோயால் பாத உணர்வு குறைந்தவர்களும் அப்படியே. இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் முதுகும் அரை மணிக்கு மேல் விறைப்பாக இருக்கிறது என்றால், அதுவும் இளம் வயதில் என்றால், மூட்டு அழற்சி நோயா என்று பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று: சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் மருந்துகள் தசைநாணைப் பாதிக்கக்கூடியவை. அப்படி ஒன்றைச் சாப்பிடத் தொடங்கிய பிறகு வலி வந்திருந்தால் மருந்து எழுதிக் கொடுத்தவரிடம் உடனே சொல்லுங்கள்.

மூன்றாம் படி: ஒரு நோட்டு, ஒரு எண்

இதைத்தான் ஆரம்பத்தில் நான் செய்யவில்லை, இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். தினமும் காலையில் முதல் பத்து அடி நடந்துவிட்டு, வலிக்கு 0 முதல் 10 வரை ஒரு எண் எழுதுங்கள். வலியே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாதது 10. நடையோ பயிற்சியோ செய்யும்போது வலி 5 வரை போகலாம், அது ஆபத்தில்லை. ஆனால் மறுநாள் காலை எண் வழக்கமான அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும், வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போகக் கூடாது. இந்த 5 என்ற எல்லையை அக்கிலீஸ் ஆய்வுகளில் இருந்துதான் எடுத்திருக்கிறேன். உள்ளங்கால் வலிக்காரர்கள் 3, 4 என்று கொஞ்சம் குறைத்து வைத்துக்கொண்டால் தப்பில்லை.

ஓட்டத்தை முழுதாக நிறுத்த வேண்டுமா என்றால், எண்ணைக் கேளுங்கள். 3 கிலோமீட்டர் மெதுவாக ஓடியும் மறுநாள் எண் ஏறவில்லை என்றால் 3 கிலோமீட்டர் ஓடலாம். ஏறினால் குறையுங்கள், இல்லையென்றால் நடை, சைக்கிள், நீச்சல் என்று மாறுங்கள். மேடு ஏறி ஓடுவது, வேக ஓட்டம், கயிறு தாண்டுவது இந்த மூன்றும் மட்டும் இப்போதைக்கு வேண்டாம்.

நான்காம் படி: எழுந்திருக்கும் முன்பே (உள்ளங்கால் வலிக்கு மட்டும்)

தரையில் கால் வைக்கும் முன், படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து, முதல் படியில் சொன்னது போலக் காலை மறு முழங்கால் மேல் போட்டு, விரல்களைப் பிடித்துக் கணுக்கால் பக்கமாக இழுத்து 10 நொடி வையுங்கள். இப்படி 10 முறை. இன்னொரு கையால் அந்த நாண் விறைக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள், விறைக்கவில்லை என்றால் இழுப்பு போதவில்லை. ஒரு நாளில் மூன்று வேளை, அதில் ஒன்று கட்டாயம் காலையில். ராத்திரி முழுக்கச் சுருங்கிக் கிடந்ததைத் திடீரென்று மொத்த எடையோடு மிதிப்பதால்தான் முதல் அடி அப்படிக் குத்துகிறது.

ஐந்தாம் படி: படிக்கட்டு

இதுதான் மருந்து. மற்றதெல்லாம் துணைக்குத்தான்.

உள்ளங்கால் வலிக்காரர்கள் ஒரு குளியல் துண்டை இறுக்கமாகச் சுருட்டிக் கடைசிப் படியின் விளிம்பில் வையுங்கள். கால்விரல்கள் துண்டின் மேல் ஏறி மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும், பாதத்தின் முன்பகுதி படியில், குதிகால் வெளியே காற்றில். கைப்பிடியை லேசாகப் பிடித்துக்கொள்ளுங்கள், தொங்க வேண்டாம். மூன்று எண்ணும் நேரத்தில் குதிகாலை உயர்த்துங்கள், மேலே இரண்டு எண்ணும் வரை நில்லுங்கள், மூன்று எண்ணிக்கொண்டே இறக்குங்கள். ஒற்றைக் காலில். முடியவில்லை என்றால் முதல் வாரம் இரண்டு காலிலும் செய்யலாம், வெட்கமே வேண்டாம், நானும் அப்படித்தான் தொடங்கினேன், ஆறாவது முறையிலேயே ஆடுசதை நடுங்கியது.

துண்டு எதற்கு? விரல்கள் மேலே வளையும்போதுதான் அந்தத் திசுப்பட்டை இறுகுகிறது, அப்போதுதான் எடை அதன் மேல் விழுகிறது. துண்டு இல்லாமல் செய்தால் அது ஆடுசதைப் பயிற்சியாகப் போய்விடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், 12 தடவை வீதம் 3 சுற்று. 13-வது தடவை முடியும் என்றால் எடை போதவில்லை, ஒரு முதுகுப் பையில் புத்தகங்களை அடுக்கி மாட்டிக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து எடையைக் கூட்டி 10 தடவை 4 சுற்று, நான்கு வாரம் கழித்து இன்னும் கூட்டி 8 தடவை 5 சுற்று. டென்மார்க்கில் 48 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வில் இருந்து வந்த முறை இது. மூன்று மாதத்தில், வெறும் இழுப்புப் பயிற்சி செய்தவர்களைவிட இவர்கள் நன்றாகவே தேறியிருந்தார்கள். ஒரு வருடத்தில் இரு குழுவும் ஏறக்குறைய சமம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சீக்கிரம் தேறுவதற்காகவே நான் படிக்கட்டைத் தேர்ந்தெடுத்தேன்.

அக்கிலீஸ் நடுப்பகுதி வலி என்றால் துண்டு தேவையில்லை. இரண்டு காலாலும் மேலே எழும்பி, எடையை வலிக்கும் காலுக்கு மாற்றி, அந்த ஒரு காலால் மட்டும் குதிகாலைப் படிக்குக் கீழே வரை மெதுவாக இறக்குங்கள். நல்ல காலை வைத்துத் திரும்ப மேலே வாருங்கள். முழங்காலை நேராக வைத்து 15 தடவை 3 சுற்று, லேசாக மடக்கி இன்னொரு 3 சுற்று. ஆடுசதைக்கு அடியில் இருக்கும் தட்டையான தசைக்கு முழங்கால் மடங்கினால்தான் முழு வேலை. காலை, மாலை இரு வேளை, 12 வாரம். 1998-ல் ஸ்வீடன் எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்ஃபிரெட்சன் வெளியிட்ட முறை. அவருக்கே இந்த வலி இருந்தது, அறுவை செய்ய மேலதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை, தசைநாண் அறுந்தால் செய்துதானே ஆக வேண்டும் என்று அறுக்கும் நோக்கத்தோடு பயிற்சி செய்தார், வலி போய்விட்டது என்று ஒரு கதை உண்டு. நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். ஒரு நாளைக்கு 180 தடவை உங்களுக்கு அதிகம் என்றால் வாரம் மூன்று நாள், அதிக எடையோடு, மெதுவாக ஏறி இறங்கினாலும் அதே அளவு பலன் கிடைக்கிறது.

ஒட்டுமிட வலிக்காரர்களே, உங்களுக்குத்தான் அந்த வித்தியாசம்: படியின் விளிம்பு வேண்டாம், சமதரையில் மட்டும். குதிகால் தரைமட்டத்துக்குக் கீழே போனால் தசைநாண் எலும்பில் நசுங்கி வலி கூடும். அதே காரணத்தால் ஆடுசதையை இழுத்துப் பிடிக்கும் பயிற்சியும் உங்களுக்கு ஒத்துவராது.

ஆறாம் படி: மற்ற சாமான்கள்

குதிகால் மெத்தை, டேப், ஐஸ் எல்லாம் வலியைக் கொஞ்ச நேரம் தணிக்கும், உபயோகியுங்கள், ஆனால் குணமாக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அக்கிலீஸ் வலிக்குக் குதிகால் சற்று உயர்ந்த ஷூ உதவும். வீட்டுக்குள் கடினத் தரையில் வெறுங்காலோடு நெடுநேரம் நிற்பவர்கள் மெத்தென்ற செருப்புப் போட்டுக்கொண்டாலே காலை எண் கொஞ்சம் குறையலாம். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நன்றாகக் கேட்கும், ஆனால் உள்ளங்கால் திசு கிழியவும், குதிகாலின் கொழுப்பு மெத்தை தேயவும் வாய்ப்பு உண்டு. அக்கிலீஸ் நாணுக்குள் அதைப் போடவே கூடாது. மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் அசையாத வலிக்கு, அதிர்வலைச் சிகிச்சை (வலிக்கும் இடத்தில் வெளியிலிருந்து கருவியால் ஒலி அலைகளைச் செலுத்துவது) பற்றி பிசியோதெரபிஸ்டிடம் கேட்கலாம்.

ஏழாம் படி: திரும்ப ஓடுவது

அரை மணி நேரம் வேகமாக நடந்தும் மறுநாள் எண் ஏறவில்லை, ஒற்றைக் காலில் 15 முறை குதிகாலை உயர்த்த முடிகிறது, இந்த இரண்டும் இருந்தால் ஓடிப் பார்க்கலாம். 1 நிமிடம் மெதுவோட்டம், 2 நிமிடம் நடை, இப்படி 8 முறை. மறுநாள் ஓட வேண்டாம், எண்ணை மட்டும் பாருங்கள். நன்றாக இருந்தால் ஓட்டத்தை அரை அரை நிமிடமாகக் கூட்டுங்கள். முதலில் தூரம், அப்புறம் வேகம், எல்லாவற்றுக்கும் கடைசியில் மேடு. ஒரே வாரத்தில் இரண்டைக் கூட்டினால் வலி எதனால் வந்தது என்றே தெரியாது.

நடுவில் ஒரு நாள் காலை எண் 2-ல் இருந்து 5-க்குத் தாவும். எல்லோருக்கும் தாவும். மொத்தத்தையும் நிறுத்திவிட்டுப் படுத்தால் பழைய சுழலுக்குள் போய்விடுவீர்கள், ஆகவே ஓட்டத்தை மட்டும் ஒரு வாரம் முந்தைய அளவுக்கு இறக்கிவிட்டு, படிக்கட்டைத் தொடருங்கள். எனக்கு ஆறாம் வாரத்திலும் பத்தாம் வாரத்திலும் இப்படி ஆனது, பதினான்காம் வாரத்துக்குப் பிறகு நோட்டில் எதுவும் எழுதவில்லை. படிக்கட்டு மட்டும் இன்றைக்கும் வாரம் இரண்டு நாள் நடக்கிறது, அதே துண்டோடு.