இன்ச் டேப் இல்லாமல் கார்ட்டில் போடாதீர்கள்

தீபாவளித் துணிக்கு சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ லிட்டில் இந்தியாவுக்கு பஸ் ஏறிய காலம் ஒன்று உண்டு. இப்போது தோட்டத்து வாசலுக்கே பார்சல் வருகிறது. வந்தது உடம்பில் ஏறுமா என்பதுதான் சந்தேகம். போன வருஷம் எக்ஸ்எல் என்று வந்த மெரூன் சுடிதார் என் தோளோடு நின்றுவிட்டது. கடைசியில் தங்கை மகள் போட்டுக்கொண்டாள். அவளுக்கு வயது 13.

அதனால் போனைத் தொடும் முன் அலமாரியைத் திறங்கள். உங்களுக்குக் கச்சிதமாக இருக்கும் ஒரு சுடிதார் டாப்பை மேசையில் சுருக்கமில்லாமல் விரித்து, ஒரு அக்குள் தையலிலிருந்து மறு அக்குள் தையல் வரை அளக்கவும். 19 இன்ச் வந்தால் மார்புச் சுற்று 38. தோள், கையின் மேல்பகுதி, உயரம் மூன்றையும் இப்படியே எடுத்து நோட்டில் எழுதுங்கள். 1 இன்ச் 2.54 சென்டிமீட்டர், அதையும் பக்கத்தில் போட்டு வையுங்கள். உடம்பை அளப்பதைவிட இது மேல். மூச்சு விடவும் கையைத் தூக்கவும் வேண்டிய லூஸ் அந்த அளவிலேயே அடங்கியிருக்கும்.

அடுத்தது அளவு அட்டவணை. எஸ், எம், எல் எழுத்துகளை நம்பாதீர்கள், கடைக்குக் கடை மாறும். மார்புக்கு 48 சென்டிமீட்டர் என்று போட்டிருந்தால் அது விரித்து வைத்த பாதி அளவு. 96 என்றால் முழுச் சுற்று. அட்டவணை உடுப்பின் அளவா, உடம்பின் அளவா என்பது தெரியாவிட்டால் சேட்டில் மலாயில் கேளுங்கள்: "இனி உக்குரான் பாஜு கெ, உக்குரான் பாடான்?" பதில் சொல்லாத கடையில் நான் வாங்குவதில்லை.

வளையலில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 2.4 என்பது தசமக் கணக்கு அல்ல. 2 இன்ச்சும் பதினாறில் 4 பங்கும், அதாவது உள்விட்டம் இரண்டேகால் இன்ச். 2.8 இரண்டரை இன்ச். 2.10 அதைவிடப் பெரியது! கையில் ஏறும் பழைய வளையலின் உள்விட்டத்தை ஸ்கேலில் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

துணிக்குப் பெயரைப் பார்க்காதீர்கள், எதில் நெய்தது என்று பாருங்கள். 'ஆர்ட் சில்க்' செயற்கை இழை. 30 வெள்ளிக்குக் காஞ்சிப் பட்டு வராது. நம் வெயிலுக்கு பாலியெஸ்டர் வேர்த்துக் கொட்டும். ரேயான் குளுகுளுவென்று இருக்கும், ஆனால் துவைத்தால் சுருங்கக்கூடும். உயரத்தில் ஒரு இன்ச் கூட்டியே எடுங்கள். விற்பவர் படத்தைவிட, வாங்கியவர்கள் வீட்டு ஹாலில் டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்த படம்தான் உண்மை பேசும். மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதை முதலில் படியுங்கள். கோடு போட்ட துணி என்றால் படத்தைப் பெரிதாக்கி, பக்கத் தையலில் கோடும் கோடும் சேருகிறதா என்று பாருங்கள். சேராவிட்டால் வெட்டியவர் அவசரக்காரர்.

பார்சல் வந்ததும் பிரிப்பதை இடைவெட்டு இல்லாமல் வீடியோ எடுங்கள். பணத்தை ஷோப்பி போன்ற தளங்கள் பிடித்து வைத்திருக்கும்; நீங்கள் 'கிடைத்தது' என்று அழுத்தினால் விற்பவருக்குப் போய்விடும். ஆகவே போட்டுப் பார்க்காமல் அழுத்த வேண்டாம். டேக்கையும் வெட்டாதீர்கள். கையைத் தூக்குங்கள், உட்காருங்கள். அக்குள் தையலை இரு பக்கமும் மெல்ல இழுங்கள். நூலுக்கிடையில் வெளிச்சம் தெரிந்தால் திருப்பி அனுப்புங்கள்.

உள்நாட்டு விற்பனையாளர் பணம் தர மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுவுக்கு 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கேட்கலாம்.

மற்றபடி கொஞ்சம் இறுக்கம்தான் என்றால் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தையலுக்கு அப்பால் அரை இன்ச் துணி விட்டிருந்தால், பட்டணத்துத் தையற்கார அக்கா ஒரு மாலையில் பிரித்துக் கொடுத்துவிடுவார். என் மெரூன் சுடிதாரில் அதுவும் இல்லை.