போன்ல திறக்கற வெப்சைட் பண்ண எனக்கு உதவற டூல்ஸ்

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் வெப் டிசைன் கத்துக்கற தம்பிங்க தங்கச்சிங்க என்கிட்ட முதல்ல கேக்கறது "அண்ணா எந்த சாப்ட்வேர் காசு குடுத்து வாங்கணும்"னு தான். எதுவும் வாங்க வேணாம்ங்க, நான் தினமும் தொடற டூல் எல்லாமே ஃப்ரீ. எதை எதுக்கு எடுக்கணும்னு தெரியாம தான் நெறைய பேர் தடுமாறறாங்க, அதை மட்டும் சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயம். சந்தூர்ல ஒரு மாங்கன்னு நர்சரிக்கு சைட் பண்ணிக் குடுத்தேன். பெங்களூரா, செந்தூரா, அல்போன்சா, இமாம்பசந்துன்னு ரகத்துக்கு ஒரு படம், மொத்தம் 24 படம், எல்லாம் போன்ல எடுத்ததை அப்படியே ஏத்திட்டேன். என் வீட்டு வைஃபைல பளிச்னு வந்துச்சு. நர்சரிக்காரர் தோப்புல நின்னுக்கிட்டு போன் பண்ணி "தம்பி, வட்டம் சுத்திக்கிட்டே இருக்குது, கன்னு ஒண்ணும் வரலியே"ன்னாரு. ஒவ்வொரு படமும் 4 எம்பிக்கு மேல, கூட்டிப் பாத்தா 100 எம்பி. அன்னிக்கு மனசு ரொம்ப கஷ்டமாயிடுச்சு, அதுக்கப்புறம் எந்த சைட்டையும் லேப்டாப்ல மட்டும் பாத்து நான் குடுத்ததே இல்ல.

படத்துக்கு ஸ்குவூஷ்னு ஒரு டூல் இருக்கு, கூகுள் குரோம் டீம் பண்ணது, பிரவுசர்லயே ஓடும், உங்க படம் எந்த சர்வருக்கும் போகாது. படத்தை இழுத்துப் போடுங்க, அகலம் 1200 பிக்சலுக்கு குறைங்க, வலது பக்கம் வெப்பி (WebP, சைஸ் கம்மியா வர்ற பட வகை) ஃபார்மேட் எடுத்து குவாலிட்டி 75 வைங்க. நடுவுல ஒரு கோடு வரும், அதை இப்படி அப்படி நகர்த்தி பழைய படத்தையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல பாக்கலாம். இலை நரம்பு கலங்குதான்னு பாருங்க, கலங்கலன்னா இன்னும் கொஞ்சம் குறைச்சுக்கலாம். அந்த 4 எம்பி படம் எனக்கு 150 கேபி சுமாருக்கு வந்துச்சு. அப்புறம் கீழ வர்ற படத்துக்கெல்லாம் லேசி லோடிங் (உருட்டிக்கிட்டு கிட்ட வர்றப்ப தான் படம் இறங்கற வசதி) போடுங்க, மேல முதல்ல தெரியற படத்துக்கு மட்டும் போடாதீங்க, அது லேட்டாயிடும். எல்லா படத்துக்கும் அகலம் உயரம் ரெண்டும் எச்டிஎம்எல் கோடுலயே எழுதிடுங்க, இல்லாட்டி படம் வர்றப்ப பக்கம் குதிக்கும், ஒண்ணை அமுக்கப் போய் இன்னொண்ணு அமுங்கும்.

கோடு எழுத விஎஸ் கோட் போதும், அதுல லைவ் சர்வர் எக்ஸ்டென்ஷன் (எழுதற சைட்டை உடனே பிரவுசர்ல காட்டறது) போட்டுக்கங்க. இதுல பல பேருக்கு தெரியாத ஒண்ணு: லேப்டாப்பும் போனும் ஒரே வைஃபைல இருந்தா, லேப்டாப்போட ஐபி நம்பரையும் (வைஃபைல அதோட முகவரி) நடுவுல : போட்டு 5500ங்கற போர்ட்டையும் போன் பிரவுசர்ல அடிச்சா நீங்க எழுதற சைட் அப்படியே போன்ல வரும் (வரலன்னா ஃபயர்வால் தடுக்குதான்னு பாருங்க). வீட்டுல அப்பா அம்மா வெச்சிருக்கற பழைய போன் தான் இதுக்கு பெஸ்ட். குரோம்ல எஃப்12 அமுக்கி நெட்வொர்க் டேப்ல 3ஜி செலக்ட் பண்ணி, நெட்டை மெதுவாக்கியும் பாக்கணும். அஞ்செட்டி மலைப் பக்கம் இருந்து ஒருத்தர் திறந்தா எப்படி இருக்கும்னு அப்ப தான் உறைக்கும். அங்கயே சைட்டோட வேகத்தை அளக்கற லைட்ஹவுஸ் டேப் இருக்கு, மொபைல்னு வெச்சு ஓட்டுங்க, பெரிய படமோ எழுத்தோ 2.5 செகண்டுக்குள்ள வந்துட்டா நல்லது.

அடுத்தது தமிழ், இதுல தான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. கடைக்காரங்க குடுக்கற மேட்டர் பாதிக்கு மேல ஃப்ளெக்ஸ் கடையில பாமினிங்கற பழைய ஃபான்ட்ல (இங்கிலீஷ் எழுத்தையே தமிழ் மாதிரி காட்டறது) அடிச்சதா இருக்கும். அதை காப்பி பண்ணி ஒட்டினா 'தமிழ்'ங்கற வார்த்தை ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு செமிகோலன்னு இங்கிலீஷ் எழுத்தா வந்து நிக்கும். பாமினி ஃபான்டையே சைட்ல ஏத்திடலாம்னு தயவுசெஞ்சு நினைக்காதீங்க, கூகுள்ல தேடறவங்களுக்கு அந்தப் பக்கம் கிடைக்கவே கிடைக்காது. என்ஹெச்எம் கன்வர்ட்டர்ல போட்டு யூனிகோடா (எல்லா போன்லயும் தமிழாவே தெரியற முறை) மாத்திட்டு ஒரு தடவை முழுசா படிச்சுப் பாருங்க.

ஃபான்டுக்கு கூகுள் ஃபான்ட்ஸ்ல நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, அனெக் தமிழ் எல்லாம் இருக்கு. எனக்கு விலைப்பட்டியல் மாதிரி சின்ன எழுத்துக்கு முக்த மலர் தான் பிடிக்கும், தெளிவா இருக்கும். 400 (சாதாரணம்), 700 (தடிமன்) ரெண்டு கனம் மட்டும் எடுங்க. இங்கிலீஷுக்கு வெச்ச லைன் ஹைட்டையே (வரியோட உயரம்) தமிழுக்கு வெச்சா கு, பூ எல்லாம் கீழ் வரில இடிக்கும், 1.7 வைங்க. லெட்டர் ஸ்பேசிங் (எழுத்துக்கு நடுவுல இடைவெளி) தொடவே தொடாதீங்க. பட்டன்ல 'தொடர்புகொள்ளுங்கள்'னு ஒரே வார்த்தை வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும், அதுக்கு 'பேசுங்க'ன்னு சின்னதா போட்டாலே போதுமே.

கலர்ல மாம்பழ மஞ்சள் மேல வெள்ளை எழுத்து எல்லாரும் கேப்பாங்க. எஃப்12ல கலர் கட்டத்தை அமுக்கினா கான்ட்ராஸ்ட் (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வித்தியாசம்) எவ்ளோன்னு காட்டும், சாதாரண எழுத்துக்கு 4.5 வேணும், இது 2 கூட வராது, வெயில்ல மண்டில நின்னு பாத்தா ஒண்ணுமே தெரியாது. கரும்பச்சை எழுத்து வெச்சுக் காட்டுங்க, அவங்களே ஒத்துக்குவாங்க.

டிசைன் வரைய ஃபிக்மா ஃப்ரீ பிளான் போதும், ஓப்பன் சோர்ஸ் தான் வேணும்னா பென்பாட் இருக்கு. சந்தேகம் வந்தா வீடியோ தேடறதுக்கு முன்னாடி வெப் கோடுக்கு விளக்கம் குடுக்கற எம்டிஎன் சைட்டைப் படிங்க, மொசில்லா ஆரம்பிச்சது. புது சிஎஸ்எஸ் பழைய போன்ல ஓடுமான்னு கேன் ஐ யூஸ்ங்கற சைட்ல அடிச்சுப் பாத்துக்கங்க.

சின்ன சைட்டுக்கு ஹோஸ்டிங் (சைட்டை நெட்ல வெச்சிருக்கற இடம்) கிட்ஹப் பேஜஸ் ஃப்ரீயாவே குடுக்குது. அதுல சர்வர் கோடு ஓடாது, அதனால ஆர்டர் ஃபார்ம் தனியா வேலை செய்யாது. நம்ம ஊர்ல யாரும் ஃபார்ம் நிரப்பறதும் இல்ல, போன் பண்ணுவாங்க இல்லன்னா வாட்ஸ்அப்ல படம் அனுப்பி "இது இருக்குங்களா"ன்னு கேப்பாங்க. அதனால ஒவ்வொரு ரகத்துக்கு கீழயும் கால் லிங்க் ஒண்ணு, வாட்ஸ்அப் லிங்க் ஒண்ணு வைங்க, ரகத்தோட பேர் மெசேஜ்ல முன்னாடியே வர்ற மாதிரி. வாட்ஸ்அப் லிங்க்ல 91 போட்டு உடனே 10 நம்பர், நடுவுல ப்ளஸ், ஸ்பேஸ், கோடு எதுவும் வேணாம், போட்டுட்டு வேற ஒருத்தர் போன்ல அமுக்கி மெசேஜ் போய்ச் சேருதான்னு பாத்துட்டு சைட்டைக் குடுங்க.