டெகாவின் பாலே ஓவியங்களைப் பார்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரெஞ்சு ஓவியர் எட்கர் டெகா (1834–1917), இசைநாடகமும் பாலேயும் அரங்கேற்றும் பாரிஸ் ஆப்பராவின் நடனப் பெண்களை மேடையில் மட்டுமன்றி ஒத்திகை அறைகளிலும் திரைமறைவிலும் வைத்து ஏராளமாக வரைந்தார். அவற்றைக் கண் முன் நடந்ததை அப்படியே பிடித்த நிழற்படம்போல் எண்ணிவிடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. சட்டத்தின் ஓரத்தில் உருவங்கள் பாதியாக வெட்டுப்பட்டு நிற்பதும், வெறுந்தரை பெரிதாக விரிந்து கிடப்பதும் அப்படி நினைக்க வைக்கின்றன. ஆனால் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள ‘நடன வகுப்பு’ 1874-இல் வரையப்பட்டது. அதில் தெரியும் ஒத்திகை அறை இருந்த பழைய ஆப்பரா மாளிகையோ 1873 அக்டோபரிலேயே எரிந்து போயிற்று. இல்லாமல் போன அறைக்குள் இருபதுக்கும் மேற்பட்ட பெண்களை ஓவியர் தம் கற்பனையில் கூட்டி வைத்திருக்கிறார். கண்ணாடியின் அருகே ஒட்டப்பட்டுள்ள சுவரொட்டிகூட, இந்த ஓவியத்தை வரையச் சொன்ன பாடகர் ழான்-பாப்திஸ்த் ஃபோருக்குச் செய்த மரியாதைதான்.

களைப்பைச் சோகமாகப் படிப்பதும் தவறு. இதே பெயரில் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ள ஓவியத்தில், பியானோவின் மேல் அமர்ந்த ஒரு பெண் முதுகைச் சொறிந்துகொள்கிறாள். தரையில், தூசி அடங்கப் பலகைகளில் நீர் தெளிக்கும் பூவாளி இருக்கிறது. பின்னால் தாய்மார்கள் காத்திருக்கிறார்கள். இது துயரக் காட்சி அன்று, உடலால் உழைப்பவர்களின் வேலையிடம்.

மிகுந்த நிதானம் வேண்டிய இடம், கறுப்பு உடை அணிந்த ஆண். சுமார் 1876-இல் வரைந்த ‘நட்சத்திர’த்தில், ஒருத்தி விளக்கொளியில் கைவிரித்து ஆட, பின்னே காட்சித் தட்டியின் ஓரத்தில் ஒருவர் நிற்கிறார். அவரை மேடைப் பணியாளர் என்று கடந்துவிட்டால் அக்காலத்தின் ஒரு கசப்பான உண்மை கண்ணில் படாமலே போய்விடும்: ஆண்டுச் சந்தா கட்டிய செல்வந்தர்கள் மேடையின் பின்புறம்வரை வந்துபோக உரிமை பெற்றிருந்தார்கள், பெண்களில் பலரோ ஏழைக் குடும்பங்களிலிருந்து சிறு வயதிலேயே வந்தவர்கள். அதற்காக, ஆடுபவள் அவருடைய ஆசைநாயகியே என்று முடிவுகட்டுவதற்கும் ஓவியத்தில் சான்று இல்லை. அவருடைய முகத்தைத் தட்டி மறைத்திருக்கிறது. நமக்குக் காட்டப்படுவது கறுப்பு உடையும், அவர் நிற்கும் இடமும் மட்டுமே.